ஜட்ஜுக்கும் வகுப்பு உண்டா?

கேள்வி: எங்களுக்குச் சந்தூர் பக்கம் மாந்தோப்பு. லோடு எடுத்துப்போன வியாபாரி பணத்தைத் தராமல் இழுத்தடித்ததால் 2023-ல் வழக்குப் போட்டோம். 'தந்துடறேன்' என்று அவர் பேசி அனுப்பிய வாட்ஸ்அப் பேச்சுதான் எங்களிடம் உள்ள முக்கியமான ஆதாரம். போன வாய்தாவுக்கு பஸ் ஏறிப் போனால், 'ஜட்ஜ் டிரெயினிங் போயிருக்கார், அடுத்த மாசம் வாங்க' என்கிறார்கள். இத்தனை வருஷம் சர்வீஸ் போட்டவருக்கு இனிமேல் என்ன பாடம்?
- ஒரு வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான், ஒரு நாள் பிழைப்பு போயிற்றே. வக்கீலின் குமாஸ்தா முன்கூட்டியே ஒரு போன் போட்டிருக்கலாம். வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த தேதி தெரியும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பாடமே எதற்கு என்கிறீர்களே, அதற்கு உங்கள் வாட்ஸ்அப் பேச்சையே எடுத்துக்கொள்வோம். போன், கம்ப்யூட்டரில் இருந்து வரும் இந்த மாதிரி ஆதாரத்துக்கு, அது எந்தக் கருவியில் இருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும் சான்றிதழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றது சுப்ரீம் கோர்ட், 2005-ல். 2014-ல் கட்டாயம் வேண்டும் என்றது. 2018-ல் கொஞ்சம் தளர்த்தியது, 2020-ல் மறுபடி இறுக்கியது. 15 வருஷத்துக்குள் இத்தனை திருப்பம். நடுவில் ஒன்றைக் கவனிக்காமல் விட்ட நீதிபதி கையில் உங்கள் கட்டு போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சட்டமாவது அப்படியே இருந்ததா என்றால் அதுவும் இல்லை, 2024 ஜூலை 1 முதல் சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாக்ஷிய அதினியம் வந்துவிட்டது, அந்தச் சான்றிதழைப் பற்றிச் சொன்ன பழைய 65பி பிரிவு இப்போது 63-ஆவது பிரிவு, சான்றிதழில் நிபுணர் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்கு பழைய சட்டப்படியே நடக்கும், உங்களுடையது அந்த ரகம். காலையில் பழசு, மதியம் புதுசு என்று ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் பார்க்க வேண்டிய மனிதருக்கு வகுப்பு வேண்டாமா?

(வக்கீல்களுக்கு இப்படிக் கட்டாய வகுப்பு நம் நாட்டில் இல்லை. எனக்கென்னவோ அதுதான் பெரிய குறையாகப் படுகிறது.)

அப்புறம், அந்த போனை விற்றுவிடாதீர்கள், பேச்சையும் அழிக்காதீர்கள். சான்றிதழை இப்போதே வக்கீலிடம் கேளுங்கள்.

கேள்வி: வகுப்பில் 'இந்த வழக்கில் இப்படித் தீர்ப்பு எழுது' என்று மேலிடம் சொல்லிவிடாதா?
- பாலக்கோடு வாசகி

பதில்: அதற்கல்ல அந்த வகுப்பு. சென்னையில் தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாடமி இருக்கிறது, கோவையிலும் மதுரையிலும் கிளைகள், போபாலில் தேசிய அகாடமி. போக்சோ வழக்கில், அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்கில், குழந்தையிடம் எப்படிக் கேள்வி கேட்பது, பிரேதப் பரிசோதனை அறிக்கையை எப்படிப் படிப்பது, இந்த மாதிரி விஷயங்கள்தான் பாடம். நிலுவையில் உள்ள வழக்கில் தீர்ப்பு என்ன என்பது அந்த நீதிபதியின் பொறுப்பு. பிடிக்காவிட்டால் அப்பீல் போகலாம்.

கேள்வி: ஏசி அறையில் பாடம் கேட்டால் எங்கள் மலைக்காட்டு ஜனங்களின் கஷ்டம் தெரியுமா?
- அரூர் வாசகர்

பதில்: முழுசாகத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். உங்கள் பக்கத்து வாச்சாத்தியையே பாருங்கள். 1992-ல் அங்கே மலைவாழ் மக்கள் மீது வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் நடத்திய கொடுமைக்கு, குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் தர்மபுரி நீதிமன்றம் 2011-ல் குற்றவாளிகள் என்றது. அப்பீலை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி 2023 மார்ச்சில் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார், செப்டம்பரில் தண்டனையை உறுதி செய்தார். பயிற்சிக்கு வரும் இளம் நீதிபதிகளை ஒரு நாள் சித்தேரி மலைக்குக் கூட்டிப் போங்கள் என்று என்னைக் கேட்டால் சொல்வேன்.