வாசகர் கேள்விகள்: கடற்கரை – தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார ரயில்

சென்னையின் பழைய மின்சார ரயிலில் பயணம் செய்த வட ஆற்காட்டுக்காரர்கள் தங்கள் நினைவுகளையும் ஐயங்களையும் எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

என் தந்தையார் 1960களில் ஆரணிப் பட்டுப் புடவை மூட்டையுடன் ஆரணி ரோடு நிலையத்தில் ஏறி, காட்பாடிக்கும் போகாமல், சென்ட்ரலிலும் இறங்காமல், நேரே மாம்பலத்தில் இறங்கியதாகச் சொல்வார். வீட்டில் யாரும் நம்புவதில்லை. இது நடந்திருக்கக் கூடியதுதானா? – வாசகர், ஆரணி

தாராளமாக நடந்திருக்கும். உங்கள் வீட்டார் நம்ப மறுப்பதற்குக் காரணம், இன்று வேலூர்ப் பக்கத்திலிருந்து சென்னைக்கு ரயில் என்றாலே காட்பாடி, அரக்கோணம், சென்ட்ரல் என்ற அகலப்பாதை மட்டுமே எல்லோருக்கும் நினைவுக்கு வருவதுதான். அந்தக் காலத்தில் நம் பகுதிக்கு இன்னொரு வழியும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போடப்பட்ட விழுப்புரம் – காட்பாடி மீட்டர்கேஜ் பாதை, திருவண்ணாமலை, போளூர், ஆரணி ரோடு, கண்ணமங்கலம், வேலூர் கண்டோன்மென்ட் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு காட்பாடிக்கும், அதற்கு அப்பால் பாகாலாவுக்கும் போனது. (ஆரணி ரோடு நிலையம் இருப்பது ஆரணியில் அன்று, களம்பூரில். அங்கிருந்து ஊருக்குப் போக வண்டி பிடித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.) விழுப்புரத்திலிருந்து செங்கல்பட்டு, தாம்பரம் வழியாக எழும்பூருக்குச் சென்ற பாதையும் அதே மீட்டர்கேஜ்தான், கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடிய தண்டவாளத்தின் அகலமும் அதே 1,000 மில்லிமீட்டர்தான். எனவே வேலூர் கண்டோன்மென்டில் புறப்பட்ட ஒரு பெட்டியை, இடையில் எங்கும் அகலம் மாறாமல், சென்னைக் கடற்கரை வரை இழுத்துச் சென்றிருக்க முடியும். காட்பாடி வழியாக அனுப்பியிருந்தால், சரக்கை 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை வண்டிக்குக் கைமாற்றி ஏற்ற வேண்டியிருந்திருக்கும்.

உங்கள் தந்தையார் விழுப்புரத்தில் எழும்பூர் வண்டிக்கு மாறி, தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் மாம்பலம் போயிருப்பார். காட்பாடி வழியைவிட இது சுற்றுவழிதான், நேரமும் கூடுதலாகத்தான் ஆகியிருக்கும். ஆனாலும் தியாகராய நகர்க் கடைகளுக்குப் புடவை கொண்டு போகிறவருக்கு, சென்ட்ரலில் இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்து, பார்க் நிலையத்தில் மறுபடியும் ஏறும் அலைச்சல் மிச்சம். அவர் கணக்குத் தெரிந்த மனிதர் என்றே தோன்றுகிறது.

அந்த மின்சார ரயிலுக்குத் தொடக்கத்தில் வேறு வகை மின்சாரம் இருந்தது என்கிறார்களே, எப்போது மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள்? – வாசகர், குடியாத்தம்

1931 ஏப்ரலில் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் சர் ஜார்ஜ் பிரடெரிக் ஸ்டான்லி தொடங்கிவைத்து, மே மாதம் பொதுமக்களுக்கு விடப்பட்டபோது, மேல்கம்பியில் ஓடியது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். அப்போது அந்தப் பாதை தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் கையில் இருந்தது. இந்த 1,500 வோல்ட் குறைந்த அழுத்தம் என்பதால், வண்டியை இழுப்பதற்கு ஏராளமான மின்னோட்டம் கம்பி வழியாகப் பாய வேண்டும். அதற்குத் தடித்த கம்பிகளும், சிறு சிறு தொலைவுக்கு ஒரு துணை மின்நிலையமும் தேவை. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையிலான சுமார் 29 கிலோமீட்டருக்கு அது பெரிய சுமையாக இல்லை. 1960களில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மின்மயமாக்க முடிவு செய்தபோது கணக்கு மாறிற்று. நெடுந்தொலைவுக்கு 25,000 வோல்ட் மாறுமின்சாரமே சிக்கனமானது என்பதால் அதைத் தேர்ந்தார்கள். ஒரே பாதையில் தாம்பரத்துக்கு வடக்கே ஒரு மின்சாரம், தெற்கே இன்னொன்று என்று வைத்துக்கொண்டு வண்டி விடுவது சிக்கல் அல்லவா? ஆகவே பழைய பகுதியும் 1967 ஜனவரி 15 அன்று, பொங்கலை ஒட்டி, மாறுமின்சாரத்துக்கு மாற்றப்பட்டது.

மின்சார ரயில் வந்த பிறகும் அந்தப் பாதையில் நீராவி எஞ்சின் ஓடியதா? – வாசகர், ராணிப்பேட்டை

ஓடியது. புறநகர் வண்டிகள்தான் மின்சாரத்தில் ஓடின. எழும்பூரிலிருந்து தெற்கே போன நெடுந்தொலைவு வண்டிகளை, விழுப்புரம் வரை கம்பி போகும் காலம் வரை நீராவி எஞ்சின்களே இழுத்தன. சரக்கு வண்டிகளுக்கென்று 1930 வாக்கிலேயே நான்கு மின்சார எஞ்சின்கள் வந்தன. மேல்கம்பி இல்லாத யார்டுகளில் அவற்றை ஓட்டுவதற்காக, மின்கலம் நிரப்பிய தனி வண்டிகளை அவற்றோடு இணைத்துக்கொண்டார்கள். இன்று மின்கல வாகனத்தைப் புதுமையாகப் பேசுகிறவர்கள் இதைக் கேட்டால் வியப்பார்கள்.

தோல் வியாபாரம் செய்த என் தாத்தாவின் பெட்டியில், பார்க்கிலிருந்து பல்லாவரத்துக்கு எடுத்த மூன்றாம் வகுப்பு அட்டை டிக்கெட்டுகள் சில கிடைத்தன. ஆண்டு தெளிவாக இல்லை. காலத்தை எப்படிக் கணிப்பது? – வாசகர், வாணியம்பாடி

ரயில்வேயில் மூன்றாம் வகுப்பு 1974இல் எடுக்கப்பட்டுவிட்டதால், உங்கள் டிக்கெட்டுகள் அதற்கு முந்தியவை. தேதியைத் தேட ஒரு வழி உண்டு. அந்தத் தடித்த அட்டைகளைக் கொடுப்பதற்கு முன், சன்னலுக்குள் இருந்த குமாஸ்தா அதன் முனையை ஓர் இரும்புக் கருவியின் வாயில் செருகி அழுத்துவார். ‘டக்’ என்ற ஓசையோடு தேதி அதில் பதியும். மை மங்கிப்போனாலும் அழுத்தம் பட்ட இடத்தில் எண்களின் தடம் சில சமயம் தங்கியிருக்கும். பகல் வெளிச்சத்தில் அட்டையைச் சாய்த்துப் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். அட்டையின் விளிம்பில் வெட்டுத் தெரிந்தால், அது டிக்கெட் பரிசோதகரின் கைவேலை.

அந்தப் பயணத்தின் காரணத்தை ஊகிப்பதும் கடினமன்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் வியாபாரிகள் அனைவருக்கும் சென்னையில் முதல் வாசல் பெரியமேடு. சென்ட்ரலில் இறங்கி நடந்தே போய்விடலாம். அங்கே பேச்சை முடித்துக்கொண்டு, பார்க் நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால், தோல் பதனிடும் தொழில் வேரூன்றியிருந்த பல்லாவரம் வந்துவிடும். அதற்கு அடுத்த குரோம்பேட்டையின் பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான். நம் மாவட்டத்துக்கும் அந்தப் பாதைக்கும் இருந்த நெருக்கத்துக்கு உங்கள் தாத்தாவின் டிக்கெட்டுகளைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அவற்றைப் பிளாஸ்டிக் உறையில் ஒட்ட வேண்டாம். அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி வையுங்கள்.

வேலூர் கண்டோன்மென்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் மெமு (மின்சாரப் பயணிகள்) ரயில் அந்தப் பழைய வண்டியின் தொடர்ச்சிதானா? பழைய வண்டி எப்போது நின்றது? – வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

தொடர்ச்சி அன்று. கடற்கரை – தாம்பரம் மீட்டர்கேஜ் வண்டிகள், பக்கத்தில் அகலப்பாதை வண்டிகள் ஓடத் தொடங்கிய பிறகும் சில காலம் ஓடி, 2004 ஜூலைத் தொடக்கத்தில் நின்றன. வேலூர் – விழுப்புரம் மீட்டர்கேஜ் பாதையும் அதன்பின் அகலமாக்கப்பட்டது. நீங்கள் குறிப்பிடும் மெமு, காட்பாடி, அரக்கோணம் வழியாக அகலப்பாதையில் ஓடுவது. 2024 மே மாதத்திலிருந்து அது திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அது எழும்பூரையோ தாம்பரத்தையோ தொடுவதில்லை. ஆனால் தாம்பரம் பக்கம் போக வேண்டியவர்கள் கடற்கரை நிலையத்திலேயே வண்டி மாறிக்கொள்ளலாம். சென்ட்ரலில் இறங்கிச் சாலையைக் கடக்க வேண்டியதில்லை.