பல வருடங்களாகக் கிறிஸ்தவ விசுவாசியாக இருந்தும் சின்னச் சின்ன விஷயங்களில் குழந்தையைப்போல் மகிழ முடியவில்லையே, என்ன செய்வது?

நீங்கள் ஜெபிக்காதவராக இருக்க மாட்டீர்கள். அநேகமாக அதிகமாகவே ஜெபிக்கிறவராக இருப்பீர்கள். காலையில் வேதவாசிப்பு, இரவில் குடும்ப ஜெபம், சபையில் ஏதாவது ஒரு பொறுப்பு, எல்லாம் தவறாமல் நடக்கும். மனம் மட்டும் காய்ந்த கட்டையாக இருக்கும். தவறாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். என்னை வைத்துத்தான் உங்களை அளக்கிறேன்.

நான் போதகர் இல்லை. வேதாகமக் கல்லூரியின் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் 34 வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். அந்தப் புத்தி வீட்டிலும் போகவில்லை. வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். திங்கள் முதல் சனி வரை தினம் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் 52 வாரத்தில் முடிந்துவிடும், ஏழு அதிகாரத்துக்கு இடம் மிச்சமும் இருக்கும். ஓர் அட்டையில் கட்டம் போட்டு டிக் அடித்து, இப்படிப் பதினோரு முறை முடித்திருக்கிறேன். முடித்த நாளில் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், ஆண்டுக் கணக்கை மூடிய நாளின் நிம்மதி இருந்தது. அவ்வளவுதான்.

பன்னிரண்டாவது சுற்றில், பழைய ஏற்பாட்டின் 1 நாளாகமம் என்ற புத்தகத்தில் இருந்தேன். முதல் ஒன்பது அதிகாரங்கள் முழுக்கப் பெயர்கள்தான். விடுமுறைக்கு வந்திருந்த நான்கு வயதுப் பேத்தி ஓடிவந்து என் முழங்காலைப் பிடித்து ஆட்டினாள். "தாத்தா, மேலே பாருங்கள், ஒன்று ஆடுகிறது!" நான் நிமிரவில்லை. "வேதம் வாசிக்கும்போது தொந்தரவு செய்யக் கூடாது" என்று அதட்டினேன். அவள் அழவில்லை. இரண்டு அடி பின்னால் போய் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். என்மேல் கோபமே இல்லை, அதுதான் என்னை உறுத்தியது. கடைசியில் நானும் பார்த்தேன்.

ஜன்னல் ஓரம் வைத்திருந்த கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர். அதன்மேல் வெயில் பட்டு, கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிச்சம் விழுந்திருந்தது. ஓரங்களில் மெல்லிய கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கின. அவள் காலால் தரையை ஓங்கி மிதித்தாள். வெளிச்சம் உடைந்து சிதறி, நடுங்கி, மறுபடி வட்டமானது. "நீங்களும் மிதியுங்கள்" என்றாள். மிதித்தேன். "இன்னொரு தடவை" என்றாள். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

ஜன்னல் ஓரத்தில் ஏன் உட்கார்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் வேதாகமத்தை இவ்வளவு பொடி எழுத்தில், பின்பக்கம் தெரிகிற தாளில் அச்சடிக்கிறார்களே, யாருக்காக? பெரிய எழுத்துப் பதிப்பு வாங்கினால் மடியில் வைக்க முடியாத கனம். முதியவர்கள்தான் அதிகம் வாசிக்கிறோம் என்பது அச்சிடுகிறவர்களுக்குத் தெரியாதா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அன்று இரவு மாற்கு சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். இயேசுவிடம் பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீடர்கள் அதட்டுகிறார்கள். இயேசு "விசனமடைந்து" என்று நம் மொழிபெயர்ப்பு சொல்கிறது. ஏதோ மனவருத்தம் என்றுதான் இத்தனை நாள் வாசித்திருந்தேன். அதே அதிகாரத்தில் மற்றப் பத்துச் சீடர்கள் யாக்கோபின்மேலும் யோவான்மேலும் எரிச்சலானார்கள் என்று வருகிறதே, கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தானாம். ஆக, அவருக்கு வந்தது கோபம். பதினோரு முறை டிக் அடித்தவன் அந்தச் சீடர்களின் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறேன்.

அடுத்த வசனம், தேவனுடைய ராஜ்யத்தைச் சிறு பிள்ளையைப்போல் ஏற்றுக்கொள்வதைப் பற்றியது. இதைக் கள்ளங்கபடம் இல்லாமை என்றே பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும், நான்கு வயதில் கபடம் தாராளமாக இருக்கும். ஆனால் கொடுத்ததை வாங்கிக்கொள்ள அவர்களுக்குத் தெரிகிறது. இதற்கு நான் தகுதியா, இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது, நாளைக்கும் கிடைக்குமா என்ற கேள்வியெல்லாம் இல்லை. நானோ என் தேவனோடு 34 வருடத்துப் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். வரவு வைக்கிறவனுக்குப் பரிசு என்று ஒன்று கண்ணில் படாது.

சபையிலும் இதேதான். தேவன் செய்த நன்மையை எழுந்து சொல்கிற சாட்சி நேரத்தில் வீடு, வேலை, விசா, இவைதான் வரும். "நேற்று நன்றாகத் தூங்கினேன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று எழுந்து சொன்னவரை நான் பார்த்ததில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

"விசுவாசம் இல்லாதவர்களும் வெளிச்சத்தைப் பார்த்து மகிழ்கிறார்களே" என்று யாராவது கீழே எழுதுவார்கள். மகிழட்டும். தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியனை உதிக்கப்பண்ணுகிறவர் என்று மத்தேயு 5:45-லேயே இருக்கிறது. எனக்கு நன்றி சொல்ல ஓர் ஆள் இருக்கிறார், அதனால் மகிழ்ச்சி இரண்டு மடங்காகிறது என்று மட்டும் சொல்கிறேன். புத்தியிலே குழந்தைகளாக இருக்க வேண்டாம் என்று அப்போஸ்தலன் பவுல் எழுதியதும் தெரியும். யாரையும் பொறுப்பை உதறச் சொல்லவில்லை.

இன்னொன்று. உங்களுடையது வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாத இருட்டு என்றால் மருத்துவரிடம் போங்கள், அதை விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்களிடம் போகாதீர்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டான். உயிர்த்தெழுந்த இயேசுவும் கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்துவிட்டுத்தான் சீடர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். அந்த நேரத்திலும் வலையில் இருந்தவை 153 மீன்கள் என்று யாரோ எண்ணியிருக்கிறார்கள். என் இனத்தவர்.

இப்போது டம்ளரை வேண்டுமென்றே அங்கே வைக்கிறேன். மேகமூட்டமான நாளில் ஒன்றும் விழாது. ஊருக்குத் திரும்பிய பேத்தி தொலைபேசியில் வேறு எதையும் விசாரிப்பதில்லை, "இன்றைக்கு ஆடியதா?" என்று மட்டும் கேட்கிறாள். அட்டையில் மூன்று மாதம் பின்தங்கியிருக்கிறேன்.