பெண் பார்க்கப் போகாதீர்கள், தம்பி

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 27 வயது. ஊர் குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். நான் மார்த்தாண்டத்தில் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளாக ஒருவரைக் காதலிக்கிறேன், அவரும் ஆண்தான். திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். திரும்பும் பஸ் களியக்காவிளை தாண்டும் வரை போனை வைக்க மாட்டார். வீட்டில் நண்பன் என்று சொல்லியிருக்கிறேன். தங்கை கல்யாணம் முடிந்துவிட்டதால் இப்போது எனக்குப் பெண் தேடுகிறார்கள். அடுத்த மாதம் கருங்கல் பக்கம் ஒரு பெண்ணைப் பார்க்கப் போகவேண்டும் என்கிறார் அம்மா. விஷயம் தெரிந்த ஒரே நண்பன், கல்யாணம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். அம்மாவிடம் சொன்னால் அவர் சபையில் தலைகாட்ட முடியாது. சொல்லாமல் இருந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. என்ன செய்வேன்?
(பெயர் வேண்டாம், குமரி மாவட்டம்)

பதில்: தம்பி, பெண் பார்க்கப் போவதா, அம்மாவிடம் உண்மையைச் சொல்வதா என்ற இரண்டு கேள்விகள் உங்கள் மனதில் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. இரண்டையும் ஒரே மூச்சில் தீர்த்தாக வேண்டும் என்று நினைப்பதால்தான் இவ்வளவு திணறல். முதலாவதற்கு இந்த வாரமே பதில் சொல்லியாக வேண்டும்: போகாதீர்கள். இரண்டாவதற்கு அவசரம் இல்லை. அதற்கு நாள் குறிக்கும் உரிமை உங்களுக்கு மட்டுமே உண்டு.

உங்கள் நண்பர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவர் யோசனையில் அந்தக் கருங்கல் பெண்ணுக்கு இடமே இல்லையே! நம் மாவட்டத்தில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்க எத்தனை பவுன், எவ்வளவு கடன் என்று உங்களுக்குத் தெரியும். இப்போதுதான் தங்கையை அனுப்பியிருக்கிறீர்கள். அந்தப் பெண் வந்த சில மாதங்களில், கணவர் ஏன் விலகிப் போகிறார் என்று புரியாமல் தன்னிடம்தான் குறை என்று நினைப்பார். ஒரு வருடம் போனால் விசேஷம் உண்டா என்று ஊர் கேட்கும். ஆஸ்பத்திரிக்கு முதலில் அழைத்துப் போவது அவரைத்தான். நகை அடகுக்குப் போனாலும், பழி வந்தாலும், சுமப்பது அவர். நீங்கள் நல்லவர் என்பதால் அது எதையும் தடுத்துவிட முடியாது. கைநனைத்து, நிச்சயம் முடிந்து, சபையில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்த பிறகு பின்வாங்கினாலும் பேச்சு அவர் மேல்தான் விழும். அதனால்தான் இப்போதே என்கிறேன்.

எப்படிச் சொல்வது? அப்பா விடியுமுன் பால் வெட்டப் போய், பால் எடுத்து, உறைய ஊற்றி, ஷீட் அடித்துவிட்டுத்தான் நிமிர்வார். அந்த வேலை ஓய்ந்து, சாப்பிட்டு அவர் உட்காரும் நேரத்தில், அம்மாவும் இருக்கும்போது, உறவுக்காரரோ தரகரோ இல்லாதபோது சொல்லுங்கள்: "எனக்குக் கல்யாணத்தில் விருப்பம் இல்லை. பெண் பார்க்க வரமாட்டேன். அவர்களிடம் சொல்லிவிடுங்கள்." அவ்வளவு போதும். கடன் முடியட்டும், சம்பளம் உயரட்டும் என்று சாக்குச் சொல்லாதீர்கள். கடன் முடியும் தேதியை அம்மா காலண்டரில் குறித்து வைத்துக்கொள்வார். ஏன் என்று கேட்பார், அழுவார், "மக்களே, யாராவது ஏதாவது சொன்னார்களா?" என்பார். விருப்பம் இல்லை என்பதையே திரும்பச் சொல்லுங்கள். அது பொய் இல்லை.

உண்மையைச் சொல்லும் நாள் வரும்போது காலடியில் உறுதியான நிலம் இருக்க வேண்டும். சம்பளப் பணம் உங்கள் பெயரில் உள்ள கணக்கில் இருக்கட்டும். சர்டிபிகேட்டுகளும் ஆதாரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வீட்டை விட்டுப் போ என்றால் அன்று இரவு எங்கே படுப்பீர்கள் என்பது முன்பே தெரிந்திருக்கட்டும். முதலில் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். தங்கை வாயடக்கமானவர் என்றால் அவரிடம். புகுந்த வீட்டுக்குப் பேச்சுப் போய்விடும் என்றால் வேண்டாம். கிறிஸ்துமஸ், கல்யாண வீடு, சாவு வீடு, இவையெல்லாம் அதற்கான நேரம் அல்ல.

அம்மா போதகரிடம் அழைத்துப் போகலாம். அவர் ஜெபித்தால் தலைகுனிந்து நில்லுங்கள், அது உங்கள் விசுவாசமும்தான். ஆனால் உபவாசம் வைத்து, மருந்து கொடுத்து மாற்றிவிடுகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே ஓரின ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இப்படி மாற்ற முயலும் டாக்டர், தொழில் ஒழுங்கை மீறியவர் ஆவார் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்திருக்கிறது.

போலீஸ் பயமும் வேண்டாம். வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று சொல்லிவிட்டது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில், 2021 ஜூனில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இன்னும் தெளிவாக உத்தரவிட்டார்: காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்தாலும், இருவரும் வயது வந்தவர்கள், விரும்பியே சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொல்லை தராமல் புகாரை முடித்துவிட வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது விஷயத்தை வெளியிடுவேன் என்று பணம் கேட்டு மிரட்டினால், குற்றவாளி அவர்தான். இலவச சட்ட உதவிக்கு 15100.

பதிவுத் திருமணத்துக்கு மட்டும் இப்போது வழி இல்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது. ஆனால் குடும்பம் அமையக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். பெண் பார்க்கும் ஏற்பாட்டை அவரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. களியக்காவிளை தாண்டும் வரை போனை வைக்க மனமில்லாத மனிதர், இதை வேறு யார் வாயிலாகவோ கேட்கக் கூடாது. அம்மாவுக்கு முன், தங்கைக்கு முன், அவரிடம் பேசுங்கள். தனியாகச் சுமந்ததில் பாதி பாரம் அன்றே இறங்கும்.

மூச்சு முட்டும் இரவுகளில் 14416ஐ அழையுங்கள். அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம். சென்னையைச் சேர்ந்த ஓரினம் என்ற குழுவின் இணையதளத்தில் தமிழிலும் படிக்கக் கிடைக்கிறது. என்றாவது அம்மா கேட்க ஆரம்பிக்கும்போது அவருக்கும் உதவும்.

பெண் வீட்டுக்குச் சொல்லிவிட்ட பிறகு எனக்கு எழுதுங்கள். உங்கள் நிறுவனத்தின் பெயரையும் அவருடைய பெயரையும் இந்தக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். அடுத்த கடிதத்தில் நீங்களே எழுதாமல் விட்டுவிடுங்கள்.