கறுப்பு மலமும் கடல்பாசிப் பயமும்

கேள்வி: வயது 61. இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ஆஸ்பிரின், கூடவே அசிடிட்டிக்கு ஒமிப்ரசோல் காப்ஸ்யூல். காப்ஸ்யூலுக்குள் இருக்கும் குட்டி உருண்டைகள் கடல்பாசிக் கெராஜீனனில் செய்தவை, குடலில் புற்றுநோய் வரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். மூன்று வாரமாகக் காப்ஸ்யூலை நிறுத்திவிட்டேன். முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோபெனாக் வாங்கிப் போடுகிறேன். நான்கு நாளாக மலம் கறுப்பாக, பிசுபிசுவென்று போகிறது. பாசியின் வேலையா? தைராய்டும் கெடுமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: ஐயா, பாசியை விடுங்கள். இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிட்டத்தில் பௌரிங் இருக்கிறது, அவசரப் பிரிவுக்கே போய்விடலாம். துணைக்கு வீட்டில் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். தலைசுற்றல், படபடப்பு, ரத்த வாந்தி என்று ஏதாவது இருந்தால் ஆட்டோ வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

தார் போல ஒட்டும், துர்நாற்றம் வீசும் கறுப்பு மலம் என்றால் இரைப்பையிலோ முன்குடலிலோ ரத்தம் கசிகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், ஆனால் இப்படிப் பிசுபிசுக்காது. ஆஸ்பிரினும் டைக்ளோபெனாக்கும் சேர்ந்தால் இரைப்பையில் புண் வர வாய்ப்பு அதிகம். அந்தப் புண் வராமல் இருக்கத்தான் காப்ஸ்யூல் கொடுத்தார்கள். நீங்கள் காவலை எடுத்துவிட்டு எதிரியை உள்ளே விட்டிருக்கிறீர்கள்.

டைக்ளோபெனாக்கை இந்த நிமிடமே நிறுத்துங்கள். ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். அதை அங்கிருக்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். ஹீமோகுளோபின் பார்ப்பார்கள், எண்டோஸ்கோபியும் தேவைப்படலாம்.

சரி, அந்த வீடியோ. ஒமிப்ரசோல் உருண்டைகளின் நடுவில் பெரும்பாலும் இருப்பது சர்க்கரை அல்லது செல்லுலோஸ். இரைப்பை அமிலம் மருந்தைக் கெடுக்காமலிருக்க மேலே ஒரு பூச்சு இருக்கும். உருண்டை பிடிக்க செல்லுலோஸுக்குப் பதில் கெராஜீனன் உதவுமா என்று ஆய்வு செய்திருக்கிறார்கள், அது உண்மை. வீடியோக்கள் குழப்புவது வேறொன்றோடு. கெராஜீனனை அமிலத்தில் நன்றாகச் சூடாக்கிச் சிதைத்தால் பாலிஜீனன் கிடைக்கும். ஆய்வக விலங்குகளின் குடலில் புண்ணையும் கட்டியையும் உண்டாக்கியது அதுதான். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சிதைந்ததை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருக்கலாம் என்ற 2பி பிரிவிலும், சிதையாத கெராஜீனனைப் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்த முடியாத 3-ஆம் பிரிவிலும் வைத்திருக்கிறது. ஐஸ்கிரீமில் சேர்ப்பது சிதையாத வகை.

தைராய்டு பயம் வேண்டாம். ஒரு காப்ஸ்யூலில் அப்படியே பாசிப்பொருள் இருந்தாலும், அந்தச் சுத்திகரித்த துளியில் தைராய்டைக் கெடுக்கும் அளவு அயோடின் இருக்காது.

அப்புறம், மருத்துவர் காப்ஸ்யூலை மறுபடி தொடங்கச் சொன்னால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு முழுதாக விழுங்குங்கள். உருண்டைகளை மெல்லக் கூடாது, நசுக்கவும் கூடாது. முழங்காலுக்கு எந்த மாத்திரை ஒத்துவரும் என்பதையும் அவரிடமே கேளுங்கள், கடைக்காரரிடம் வேண்டாம். போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா மருந்து அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.