சுருதி தவறினால் பிள்ளையின் காது கெடுமா?

அன்பின் அக்காவுக்கு,

என் மகளுக்குப் பதினான்கு மாதம். பாட்டுக் கேட்டால் உடம்பை ஆட்டுவாள். எனக்கோ கட்டைக் குரல், சுருதியும் நிற்காது. நான் பாடினால் அவளுடைய காது கெட்டுவிடும் என்று பயந்து கைத்தொலைபேசியில் சிறுவர் பாடல்களைப் போட்டுக் கொடுக்கிறேன். மாமி வசந்தன் ஆட்டப் பாட்டும் கூத்துப் பாட்டும் பாடுகிறார். அவை இந்த வயதுக்கு ஏற்றவையா? சிறிய கீபோர்ட் ஒன்று வாங்கலாமா?

— ஒரு தாய், களுவாஞ்சிகுடி

அன்பின் தங்கைக்கு,

கெடாது. அந்தப் பயத்தை இன்றே விடுங்கள். உங்கள் கட்டைக் குரலை வயிற்றில் இருந்தபோதே கேட்டுப் பழகியவள் அவள். பிறந்து மூன்று நாள் நிறையாத குழந்தைகள், சூப்பியை உறிஞ்சும் இடைவெளியை மாற்றித் தம் தாயின் குரலை வரவழைத்துக் கேட்டதை 1980இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வேறொரு பெண்ணின் குரலும் அங்கே கிடைத்தது. அதை அவை அவ்வளவாகத் தேடவில்லை.

ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. எனக்கு அதைவிடப் பெரிய குறை வேறு: கைத்தொலைபேசி காத்திருக்காது. மகள் வாய் திறப்பதற்குள் அது அடுத்த வரிக்குப் போய்விடும். நீங்கள் நிற்கலாம். பழகிய ஒரு வரியை மெதுவாகப் பாடி, கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்தி, அவள் முகத்தைப் பாருங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு காலை உதைப்பாள், உங்கள் வாயையே பார்ப்பாள். ஒருநாள் அந்த இடத்தில் ஏதோ ஒரு சத்தம் போடுவாள். அதை அப்படியே வாங்கித் திருப்பிப் பாடுங்கள். அதே வரியை நாள்தோறும் பாடினால் சலிப்பு உங்களுக்குத்தான் வரும், அவளுக்கு வராது.

கூத்துக் களரியில் ஒருவர் பாட, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். மாமிக்கு அது ஊறிய பழக்கம். வசந்தனோ சிறுவர்கள் வட்டமாகக் கோலடித்து ஆடும் ஆட்டம்; அதன் பாட்டில் தாளம் துலக்கமாக விழும். இதைவிட உங்கள் மகளுக்கு ஏற்ற பாட்டு எனக்குத் தெரியாது. பொருள் விளங்காதே என்று யோசிக்க வேண்டாம். ஆங்கிலப் பாட்டுகள் முன்பள்ளி வழியே எப்படியும் வந்து சேரும். வசந்தன் பாட்டோ மாமியின் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு.

மாமி பாடும்போது மகளின் கையைப் பிடித்துத் தாளத்துக்குத் தட்டவைக்காதீர்கள். அவளுடைய தாளம் இப்போது வேகமானது, நிலையில்லாதது. அவள் வேகத்துக்கு நீங்கள் பாடுங்கள். வளர வளரத் தானாக ஒத்து வருவாள், அதற்கும் எதிரே ஓர் ஆள் வேண்டும். இரண்டரை வயது முதலான பிள்ளைகளை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. இயந்திரம் மேளம் தட்டியபோதைவிட, எதிரே மனிதர் இருந்து தட்டியபோது அவர்கள் நன்றாக ஒத்துத் தட்டினார்கள்.

ஆகவே கீபோர்ட் இப்போது வேண்டாம். விளிம்பைத் தேய்த்து மழுக்கிய இரண்டு சிரட்டைகள் போதும். போத்தலில் பயறு போட்டுக் கிலுக்குவதானால் மூடியைக் கழற்ற முடியாதபடி ஒட்டிவிடுங்கள்; ஒரு பயறு தொண்டையில் சிக்கினாலும் மூச்சடைக்கும். கைத்தொலைபேசியை மாமியின் பாட்டைப் பதிவுசெய்ய எடுங்கள். அவருக்கு நினைவிருக்கும் வசந்தன் வரிகளை முதலில் பதியுங்கள், கூத்துப் பாட்டு அடுத்தது.

அன்புடன்,
அக்கா