ஆப்பை அழித்தாலும் திரும்ப ஏற்றிவிடுகிறேன். பேசவும் ஆளில்லை. ரீல்ஸை விட்டு மனிதர்களிடம் திரும்புவது எப்படி?

உங்களுக்கு மன உறுதி இல்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆப்பை அழித்தீர்கள், அது இருந்த நேரத்தை நீங்கள் வேறெதாலும் நிரப்பவில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கை சும்மா இருந்தால் எதையாவது தேடத்தான் செய்யும். அந்த நேரத்தில் யாரோடு பேசப் போகிறீர்கள் என்று நாலு பெயரை எழுதிவிட்டு அப்புறம் அழியுங்கள்.

2006-ல் அசா ராஸ்கின் என்ற மென்பொருள் வடிவமைப்பாளர், தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் முடிவில்லா ஸ்க்ரோலை வடிவமைத்தார். 'அடுத்த பக்கம்' பொத்தான் போனதோடு, போதுமா என்று யோசிக்கக் கிடைத்த ஒரு நொடியும் போயிற்று. அந்த நொடியைத் திரும்பக் கொண்டுவரத்தான் செட்டிங்ஸ் எல்லாம். யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்தி, பழையதையும் அழித்தால் முகப்பில் பரிந்துரைகள் வராது. வேண்டியதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இன்ஸ்டாவை பிரவுசரில் மட்டும் வையுங்கள். பாஸ்வேர்டைச் சேமிக்காமல், ஒவ்வொரு முறையும் லாக் அவுட் செய்யுங்கள். ஐபோனில் ஸ்க்ரீன் டைம் மூலம் ஆப்புக்கு நேர வரம்பு வைத்தால் பாஸ்கோடை வேறொருவர் போடட்டும். நீங்களே போட்டால் 'இன்றைக்கு மட்டும்' என்று தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பீர்கள். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும் யோசனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரீல்ஸில் பாதி இழுப்பு சத்தத்தில் இருக்கிறது. சார்ஜர் வேறு அறையில், அலாரத்துக்குத் தனிக் கடிகாரம்: இது வேலை செய்யும்.

இனி அந்த நாலு பெயர். புது ஆட்களைத் தேடாதீர்கள். சாதாரண நண்பராகவே சுமார் 50 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து செலவிட வேண்டியிருக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளிவந்த ஆய்வில் கணக்கிட்டார். வாரம் ஒரு மணி நேரம் என்றால் முதல் படிக்கே ஒரு வருஷம். பழைய சிநேகிதத்தில் அந்த நேரம் ஏற்கெனவே போட்டாயிற்று.

திடீரென்று கூப்பிடாதீர்கள். இரண்டு வருஷம் கழித்து ஃபோன் வந்தால் கடன் கேட்கத்தான் என்று நினைப்பார்கள். "ஒரு நாள் பேசலாம்டா" என்பதும் உதவாது, அந்த ஒரு நாள் வரவே வராது. இப்படி அனுப்புங்கள்: "ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் கூப்பிடவா? வேலை மாறப்போறேன்னு சொன்னியே, என்னாச்சுன்னு கேக்கணும்." நாள், நேரம், அளவு, காரணம், நாலும் அதில் இருக்கிறது. நடந்துகொண்டே பேசுங்கள், உட்கார்ந்தால் பேச்சு நின்ற மூணாவது நொடியில் விரல் திரைக்குப் போகும். பேச்சு வற்றுவதற்குள் முடித்து, அடுத்த நாளை அப்போதே குறித்துவிடுங்கள்.

'எனக்கு ஃபோன் பேச வராது, நான் இன்ட்ரோவர்ட்' என்று கமெண்ட்டில் வருவீர்கள், தெரியும். வாய்ஸ் நோட் அனுப்புங்கள், யார் வேண்டாம் என்றது? குரல் போய்ச் சேர்ந்தால் சரி. எனக்கு எரிச்சல் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்கள் மேல்தான். ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் எண்பது பேர் அதே கேக் ஸ்டிக்கரை ஒட்டுவார்கள், கூப்பிட ஒருத்தருக்கும் தோன்றாது. அதற்கு 'டச்சில் இருக்கிறோம்' என்று பெயர் வேறு!

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் விட்டு இன்னொரு முறை கேளுங்கள். அப்போதும் வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போங்கள். நாலு எழுதச் சொன்னது அதற்குத்தான்.