‘எல்லாம் பாஸ்தான் சார், டிகிரி ஏன் வரல?’ கிரெடிட், அரியர், பட்டம்: மாணவர் கேள்விகள்

தேர்வு முடிவு வந்த மறுநாள் எங்கள் துறை வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பதினேழு வருஷமாகப் பார்த்து வருகிறேன். அழுதுகொண்டு வருகிறவர்களைவிடக் குழம்பிப்போய் வருகிறவர்கள்தான் அதிகம். மார்க் தெரிகிறது, கிரேடு தெரிகிறது, ஆனால் அதை வைத்துக்கொண்டு பட்டம் கிடைக்குமா கிடைக்காதா என்று சொல்லத் தெரியவில்லை. நல்லாப் படிக்கிற பிள்ளைகளுக்கும் இதே நிலைதான்.

பொறியியல் கேள்விகளுக்கு அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் விதிமுறையை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். உங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி என்றால் அங்கே கொடுத்திருக்கும் விதிமுறைப் புத்தகம்தான் செல்லும். எதைப் படிப்பதற்கு முன்னும் நீங்கள் எந்த ரெகுலேஷனில் (பல்கலைக்கழகம் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றும் விதிமுறைத் தொகுப்பு) சேர்ந்தீர்கள் என்று பாருங்கள். 2013, 2017, 2021 என்று ஒவ்வொன்றிலும் கணக்கு வேறு. உங்கள் சீனியர் அன்போடுதான் சொல்வார், ஆனால் அவர் சொல்வது அவருடைய ரெகுலேஷனை.

ஒவ்வொரு செமஸ்டர் ஆரம்பத்திலும் ‘கோர்ஸ் ரிஜிஸ்ட்ரேஷன்’ என்று ஒரு ஃபார்மில் கையெழுத்து வாங்குகிறார்கள். பிறகு ‘எக்ஸாம் ரிஜிஸ்ட்ரேஷன்’ என்று பணம் கட்டச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா? — இரண்டாம் ஆண்டு இ.சி.இ. மாணவி, திண்டுக்கல்

இரண்டும் வேறு. முதலாவது, இந்த செமஸ்டரில் இந்தப் பாடங்களைப் படிக்கிறேன் என்று நீங்கள் சொல்வது. வருகைப் பதிவு, இன்டர்னல் மார்க் (கல்லூரியிலேயே போடும் மார்க்) எல்லாம் அதை வைத்துத்தான் ஏறும். இரண்டாவது, அந்தப் பாடத்தின் பல்கலைக்கழகத் தேர்வை எழுதுகிறேன் என்று கட்டணம் கட்டிப் பதிவது. அரியர் (பாஸ் ஆகாமல் நிற்கும் பழைய பாடம்) இருந்தால் அதையும் ஒவ்வொரு முறையும் இந்த இரண்டாவது பதிவில் சேர்க்க வேண்டும். பழைய பாடம் தானாக வந்து பட்டியலில் உட்காராது.

கையெழுத்துப் போடும்போது வகுப்பில் ஒருவர் போட்டதைப் பார்த்து அடுத்தவர் போடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பாடக் குறியீட்டைச் சிலபஸோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். எலெக்டிவ் (நாமே தேர்ந்தெடுக்கும்) பாடங்களில் பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், குறியீடு மாறியிருக்கும். ஒரு பையன் ஐந்தாம் செமஸ்டர் முழுக்க ஒரு எலெக்டிவ் வகுப்பில் உட்கார்ந்து நோட்ஸ் எடுத்தான். ஹால் டிக்கெட் வந்த அன்றுதான் அதில் வேறு பாடம் இருப்பதைப் பார்த்தான். அந்த ஹால் டிக்கெட்டைப் பிடித்திருந்த கை நடுங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பிறகு அலைந்து சரிசெய்தோம். ஆனால் தேர்வுக்கு முந்தைய அந்தப் பத்து நாளில் அவன் படித்தது ஒன்றுமில்லை.

என் எல்லா கிரேடுகளையும் கூட்டி வகுத்தால் 8 வருகிறது. ஆனால் ஜிபிஏ (செமஸ்டரின் கிரேடு சராசரி) அதைவிடக் குறைவாக இருக்கிறது. தவறா? — முதலாம் ஆண்டு மாணவர், ஈரோடு

தவறு இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரே எடை கிடையாது. வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு என்றால் ஒரு கிரெடிட். லேப் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். கிரேடு புள்ளியை அந்தக் கிரெடிட்டால் பெருக்கித்தான் சராசரி எடுப்பார்கள்.

சின்னக் கணக்காகப் பாருங்கள். 4 கிரெடிட் கணிதத்தில் 6 புள்ளி. 1 கிரெடிட் ‘தமிழர் மரபு’ பாடத்தில் 10 புள்ளி. சும்மா சராசரி எடுத்தால் 8. ஆனால் உண்மையான கணக்கு 4 × 6 = 24, 1 × 10 = 10, மொத்தம் 34, அதை 5 கிரெடிட்டால் வகுத்தால் 6.8. உங்களுக்கு நடந்ததும் இதுதான். அதனால் முதல் வருஷத்தில் கணிதம், இயற்பியல் மாதிரி கனமான பாடங்களை விட்டுவிட்டு ஒரு கிரெடிட் பாடத்தில் ‘ஓ’ (10 புள்ளி கிரேடு) வாங்கியதற்கு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

இன்னொன்று. ‘யு’ (பாஸ் இல்லை என்ற கிரேடு) வாங்கிய பாடம் சிஜிபிஏ (எல்லா செமஸ்டரும் சேர்ந்த சராசரி) கணக்கில் சேராது. அதனால் நான்கு அரியர் வைத்திருப்பவருக்கும் சிஜிபிஏ 7.6 என்று அழகாகத் தெரியும். அந்த எண்ணைப் பார்த்து வீட்டில் மகிழ்ச்சியடைகிறார்கள். அதற்குப் பக்கத்தில் ‘ஈட்டிய கிரெடிட்’ எவ்வளவு என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

என் மகன் எட்டு செமஸ்டரும் முடித்துவிட்டான். அரியர் எதுவும் இல்லை என்கிறான். ஆனால் பட்டத்துக்குத் தகுதியானவர்கள் பட்டியலில் அவன் பெயர் இல்லை. என்ன காரணமாக இருக்கும்? — ஒரு தந்தை, விருத்தாசலம்

ஐயா, உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் அரியர் என்றால் பல்கலைக்கழகத் தேர்வில் ‘யு’ வந்த பாடம். ஆனால் பட்டத்துக்கு வேறு சில படிகளும் இருக்கின்றன.

2021 ரெகுலேஷனில் ‘மேண்டேட்டரி கோர்ஸ்’ என்று இரண்டு பாடங்கள் உண்டு. வாரத்துக்கு மூன்று மணி நேரம் வகுப்பு நடக்கும், கிரெடிட் பூஜ்யம். பூஜ்யம் என்று போட்டிருப்பதால் பிள்ளைகள் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆனால் அதை முடிக்காமல் பட்டம் இல்லை. பாடத்துக்கு மார்க் கல்லூரியிலேயே போடுவார்கள். ஒரு டெஸ்ட் எழுதாமல் விட்டதால் நின்றுபோன பெயர்கள் உண்டு.

அடுத்து எலெக்டிவ் எண்ணிக்கை. பட்டத்துக்கான கிரெடிட் மொத்தமாக மட்டும் அல்ல, வகைவகையாகவும் பூர்த்தியாக வேண்டும். துறை சார்ந்த எலெக்டிவ் இத்தனை, மற்றத் துறையின் ஓப்பன் எலெக்டிவ் இத்தனை என்று சிலபஸின் முதல் சில பக்கங்களில் அட்டவணை இருக்கும். ஓப்பன் எலெக்டிவ் எடுக்க வேண்டிய இடத்தில் தன் துறைப் பாடத்தையே எடுத்திருந்தால் மொத்தம் சரியாக வந்தாலும் ஒரு கட்டம் காலியாகவே நிற்கும்.

நான் மாணவர்களிடம் செய்யச் சொல்வது இதுதான். நோட்டில் ஒரு முழுப் பக்கம். இடது பக்கம் சிலபஸில் உள்ள வகைகளை எழுதுங்கள்: அடிப்படை அறிவியல், பொறியியல் அடிப்படை, துறையின் மையப் பாடங்கள், துறை எலெக்டிவ், ஓப்பன் எலெக்டிவ், ப்ராஜெக்ட், கிரெடிட் இல்லாதவை. நடுவில் தேவையான எண். வலது பக்கம் பென்சிலால் கையில் இருக்கும் எண். ஒவ்வொரு முடிவு வந்ததும் வலது பக்கத்தை அழித்து எழுதுங்கள். உங்கள் மகனை மார்க் ஷீட் எட்டையும் வைத்துக்கொண்டு இன்றே இதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் எந்தக் கட்டம் காலி என்று தெரிந்துவிடும். அப்புறம் துறைத் தலைவரைப் பார்க்கப் போனால் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்க வேண்டியிருக்காது, ‘இது மட்டும் நிற்கிறது, எப்போது முடிக்கலாம்’ என்று கேட்கலாம்.

டெங்கு வந்து மூன்று வாரம் கல்லூரிக்குப் போகவில்லை. அட்டெண்டன்ஸ் 71 சதவீதம். தேர்வு எழுத விடுவார்களா? — மூன்றாம் ஆண்டு, தூத்துக்குடி

விடுவார்கள். ஆனால் நீங்கள் சும்மா இருந்தால் விடமாட்டார்கள். 75 சதவீதம் வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையில் இருந்தால் மருத்துவக் காரணத்துக்காகச் சலுகை உண்டு. மருத்துவச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் தேர்வுக்கு முந்தைய நாள் வரை பைக்குள் வைத்திருக்காமல் இப்போதே துறையில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து கேளுங்கள். 65-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரை மறுபடி படிக்கத்தான் வேண்டும். எந்தப் பேராசிரியரும் அதை மாற்ற முடியாது. உடம்பு முழுசாகத் தேறிய பிறகே வகுப்புக்குப் போங்கள்.

சிஜிபிஏ 8.9. இரண்டாம் செமஸ்டரில் ஒரே ஒரு அரியர், அடுத்த முறையே பாஸ். டிஸ்டிங்ஷன் கிடைக்குமா? — இறுதி ஆண்டு மாணவி, சேலம்

கிடைக்காதும்மா. இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. முதல் வகுப்பு டிஸ்டிங்ஷனுக்கு 8.50 மட்டும் போதாது, எல்லாப் பாடத்தையும் முதல் முயற்சியிலேயே முடித்திருக்க வேண்டும். உங்களுக்கு முதல் வகுப்பு கிடைக்கும். 8.9 என்ற எண்ணும் உங்களோடு வரும். வேலைக்கு எடுப்பவர்களும் மேற்படிப்புக்குச் சேர்ப்பவர்களும் அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

உங்கள் ஜூனியர்களுக்கு ஒன்றைச் சொல்லுங்கள். படிப்புக் காலம் முழுவதிலும் ஒரே ஒரு தடவை, தக்க காரணம் இருந்தால், முன்கூட்டியே விண்ணப்பித்துத் தேர்விலிருந்து விலகிக்கொள்ளலாம். ‘வித்ட்ராயல்’ என்பார்கள். அப்படி விலகியது முயற்சியாகக் கணக்கில் வராது, டிஸ்டிங்ஷனும் போகாது. டைஃபாய்டில் படுத்துக்கொண்டு ‘எப்படியாவது எழுதிவிடுகிறேன்’ என்று போய் உட்கார்ந்து ‘யு’ வாங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்த விண்ணப்பம் இருப்பதே அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

2018-ல் சேர்ந்தேன். இன்னும் இரண்டு அரியர். வேலைக்குப் போய்விட்டேன். இனிமேல் எழுத முடியுமா? — பெயர் வேண்டாம், ஓசூர்

நீங்கள் 2017 ரெகுலேஷன். நான்கு வருஷப் படிப்புக்கு அதிகபட்சம் ஏழு வருஷம், அதாவது 14 செமஸ்டர். டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களுக்கு ஆறு வருஷம். உங்கள் ஏழு வருஷம் 2025-லேயே முடிந்துவிட்டது. வழக்கமான தேர்வுப் பதிவில் இனி உங்கள் பெயர் வராது.

ஆனால் கதவு நிரந்தரமாக மூடிவிடவில்லை. காலம் கடந்தவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அறிவித்திருக்கிறது. 2021 நவம்பர்–டிசம்பர் தேர்வில் இருபது வருஷத்துக்கு முன் சேர்ந்தவர்கள்கூட வந்து எழுதினார்கள். வழக்கமான கட்டணத்தோடு கூடுதலாக 5,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. அடுத்த அறிவிப்பு வரும்போது பதிவு செய்ய இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் இணையதளத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். படித்த கல்லூரியின் தேர்வுப் பிரிவு அலுவலரோடு தொடர்பு விட்டுப்போக வேண்டாம்.

2017 ரெகுலேஷனில் உங்களுக்குச் சாதகமான விதி ஒன்றும் உண்டு. மூன்றாவது முயற்சி முதல், இன்டர்னலைச் சேர்த்தும் பாஸ் வரவில்லை என்றால், பல்கலைக்கழகத் தேர்வில் மட்டும் 50 சதவீதம் எடுத்தாலே பாஸ். பழைய இன்டர்னல் 20-க்கு 6 என்று இருந்தால் அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

‘2020 மாதிரி ஆல் பாஸ் போடுவார்களா’ என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த ஆகஸ்டில், கொரோனா காலத்தில், தேர்வு எழுதாமலே அரியர் பாஸ் என்று அரசு அறிவித்தது, ஊரெல்லாம் பேனர் வைத்தார்கள், தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. எதிர்த்தது, வழக்கு உயர் நீதிமன்றம் போனது, கடைசியில் 2021-ல் தேர்வு எழுதத்தான் வேண்டியிருந்தது. அதை நம்பிப் புத்தகத்தை எடைக்குப் போட்டவர்கள் மறுபடி வாங்கினார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து தினம் ஒரு மணி நேரம் போதும், இரண்டே பாடம்தான். விட்டுவிடாதீர்கள்.

பி.காம். முடித்த என் தங்கைக்குக் காமர்ஸ் பாடம் எல்லாம் பாஸ். ‘பார்ட் ஃபோர்’ நிற்கிறது, சர்டிஃபிகேட் இல்லை என்கிறார்கள். அது என்ன பார்ட்? — அண்ணன், ஆரணி

கலை அறிவியல் இளங்கலைப் பட்டம் ஐந்து பகுதி. முதல் பகுதி தமிழ் அல்லது வேறு மொழி. இரண்டாவது ஆங்கிலம். மூன்றாவதுதான் நீங்கள் சொல்லும் காமர்ஸ். நான்காவதில் திறன் சார்ந்த பாடங்கள், வேறு துறையிலிருந்து எடுக்கும் பாடம், சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி. ஐந்தாவது என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்ற விரிவாக்கப் பணி. ஐந்தும் முடிந்தால்தான் பட்டம். பெரும்பாலும் நிற்பது சுற்றுச்சூழல் கல்விதான். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-ல் போட்ட உத்தரவிலிருந்து வந்த பாடம் அது. நாடு முழுக்கக் கட்டாயம். துறை ஆசிரியரே விலக்குத் தர முடியாது.

தங்கை பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் இந்தியோ பிரெஞ்சோ எடுத்தாரா என்றும் கேளுங்கள். அப்படியானால் நான்காம் பகுதியில் சிறப்புத் தமிழ் இரண்டு தாள் எழுத வேண்டும். பள்ளியில் தமிழே படிக்காதவர்களுக்கு அடிப்படைத் தமிழ். மொழி மாற்றி எடுத்தவர்கள் இதை மறந்து, மூன்றாம் வருஷக் கடைசியில் வந்து நிற்கிறார்கள். எதுவாக இருந்தாலும் அடுத்த தேர்வில் எழுதிவிடலாம், ஒரு வருஷம் வீணாகாது.

என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.க்களின் இணையவழிப் பாடம்) சர்டிஃபிகேட் வாங்கினால் ஒரு எலெக்டிவ் எழுத வேண்டாமாமே? — மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல், கரூர்

முடியும். முதலில் அனுமதி, பிறகு படிப்பு. படித்துவிட்டு வந்து கேட்டால் சில சமயம் அந்தப் பாடம் ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் இருக்காது. பொதுவாக 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2. அசைன்மெண்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. அசைன்மெண்ட்டில் 10, தேர்வில் 30 குறைந்தபட்சம் வேண்டும். 12 வாரத்தில் சிறந்த எட்டு அசைன்மெண்ட்டைத்தான் எடுப்பார்கள் என்பதால் ஒரு வாரம் தவறினால் பதற வேண்டாம்.

ஹானர்ஸ் எடுக்கலாமா, மைனர் எடுக்கலாமா? — நான்காம் செமஸ்டர், கோவை

இரண்டுக்கும் கூடுதலாக 18 கிரெடிட். ஹானர்ஸ் என்றால் உங்கள் துறைக்குள்ளேயே ஆழமாக, மைனர் என்றால் வேறு துறையில். ஆறு பாடம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்.டெக். யோசனை இருந்தால் ஹானர்ஸ். மெக்கானிக்கல் படித்துக்கொண்டு டேட்டா சயன்ஸ் பக்கம் போக ஆசை என்றால் மைனர். நண்பன் எடுக்கிறான் என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டாம். ஆறாம் செமஸ்டரில் ப்ளேஸ்மெண்ட் தயாரிப்பும் இதுவும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்.

பட்டமளிப்பு விழா எப்போது என்றே தெரியவில்லை. கம்பெனியில் ‘டிகிரி சர்டிஃபிகேட்’ கேட்கிறார்கள். — ஐ.டி. ஊழியர், சென்னை

இடைக்காலத்துக்குத்தான் ப்ரொவிஷனல் சர்டிஃபிகேட். அதையும் ஒருங்கிணைந்த மதிப்பெண் சான்றிதழையும் கொடுங்கள், ஏற்றுக்கொள்வார்கள். வாங்கும்போது கவுண்ட்டரை விட்டு நகர்வதற்கு முன் பெயரின் இனிஷியல், பிறந்த தேதி, துறையின் பெயர் மூன்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு வைத்துப் பாருங்கள். அங்கேயே சொன்னால் ஒரு விண்ணப்பத்தோடு முடிகிற வேலை, பாஸ்போர்ட் எடுத்த பிறகு தெரிந்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.